நீலம் பூசிய ஐஸ்: ஒரு மெட்டீரியல் தொகுப்போடு மூன்று வருடம்

பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் பொருள்களுக்கு ஐஸ் தோற்றம் கொடுக்கும் மெட்டீரியல் தொகுப்பு அது. மூன்று வருடமாக என் லேண்ட்ஸ்கேப் வேலைகளில் உறைந்த ஏரி வந்தால் அதைத்தான் திறக்கிறேன்.

முதலில் விரிசல்கள். அதில் குறை சொல்லவே முடியாது. பைக்கால் ஏரியின் ஐஸ் ஒரு மீட்டருக்கு மேலும் தடிக்கும், அடியில் இருட்டுத் தண்ணீர் தெரியுமளவுக்குத் தெளிவாகவும் இருக்கும். அங்கே விரிசல் மேற்பரப்பில் ஓடும் வெறும் கோடு இல்லை, உள்ளே செங்குத்தாக இறங்கும் ஒரு தகடு. பல தொகுப்புகள் அதை மேலே ஒரு படமாக ஒட்டிவிடும். கேமரா நகர்ந்ததும் தரையில் ஒட்டிய நூலாம்படை போலத் தெரியும். இது நிஜமாகவே தகடுகளை உள்ளே இறக்குகிறது. முழங்கால் உயரத்தில் கேமராவை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால், மேல் விளிம்பு வெள்ளையாக வேகமாக ஓடும், அடிப்பகுதி மங்கலாக மெதுவாகப் பின்னால் வரும். முதல் முறை டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமிழ்களும் அருமை. கனடாவின் ஆபிரகாம் ஏரியில் அடியிலிருந்து வரும் மீத்தேன், ஐஸுக்குக் கீழே தட்டையாக ஒதுங்கி உறைந்துவிடும். ஐஸ் கீழ்நோக்கி வளர வளர அடுத்த குமிழ் அதற்கும் அடியில். இட்லித் தட்டுகளை அடுக்கியது போல இருக்கும். குமிழ் என்பது ஐஸுக்குள் இருக்கும் வாயு, அதனால் அதன் நார்மல்கள், அதாவது பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் திசைகள், உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரெண்டரில், அதாவது இறுதிப் படத்தில், கண்ணாடிக் கோலிகள் மிதப்பது போல வரும். இந்தத் தொகுப்பில் அது சரியாகவே இருக்கிறது, ஓரத்தில் அந்த வெள்ளி மினுக்கம் தானாக வருகிறது.

அப்புறம் அந்த நீலம். மூன்று வருடமாக என்னை அரிப்பது அது ஒன்றுதான். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ஐஸ் கட்டி எங்காவது நீலமாக இருந்து பார்த்திருக்கிறோமா? ஐஸ் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். சில சென்டிமீட்டரில் ஒன்றும் தெரியாது, மீட்டர் கணக்கில் ஒளி உள்ளே பயணித்தால்தான் நீலம் எட்டிப் பார்க்கும். தொகுப்பைச் செய்தவர்களோ பேஸ் கலரிலேயே, அதாவது பரப்பின் அடிப்படை நிறத்திலேயே, நீலத்தைப் பூசி வைத்திருக்கிறார்கள். கரையோரம் விரல் தடிமனில் இருக்கும் ஐஸும் சோப்புக்கட்டி மாதிரி நிற்கிறது. ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணும் 1.5, அது கண்ணாடியுடையது. ஐஸுக்கு 1.31. நேராகக் குனிந்து பார்த்தால் ஐஸ் திருப்பி அனுப்பும் ஒளி 2 சதவீதம்கூட இல்லை, கண்ணாடியோ 4 சதவீதம்.

ஒவ்வொரு வேலையிலும் நானே திருத்துவேன். பேஸ் கலர் வெள்ளை, எண் 1.31, உள்ளே போகப் போக ஒளியை உறிஞ்சும் வால்யூம் அப்சார்ப்ஷனில் மிக மெல்லிய நீலம், காட்சியில் ஒரு அலகு ஒரு மீட்டர். கரையோரம் தெளிந்துவிடும், நடு ஏரி அதுவாகவே நீலமாகும். தொகுப்பைச் செய்தவர்களுக்கு இதை எழுதி அனுப்பியபோது, நீலம் இருந்தால்தான் பார்ப்பவர்களுக்கு ஐஸ் என்று புரியும் என்று பதில் வந்தது. போன வாரம் அப்டேட் போட்டேன். என் திருத்தங்கள் எல்லாம் அழிந்து பழைய நீலம் திரும்ப வந்துவிட்டது. இரவு முழுக்க ஓடிய 240 ஃபிரேம்களைக் காலையில் திறந்தால் ஏரி முழுக்கச் சோப்பு.

விலை பாதியானாலும் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். விரிசலுக்கு, பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் பிளெண்டரின் வொரோனாய் டெக்ஸ்சரில், கட்ட ஓரங்களைக் காட்டும் டிஸ்டன்ஸ் டு எட்ஜ் வைத்துக் கோடுகளை எடுத்து, அவற்றைத் தகடுகளாகக் கீழே இறக்கினால் பெரும்பகுதி கிடைத்துவிடும். இவர்களுடைய அளவுக்கு நேர்த்தியாக வராது, தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், சேர்ந்து உட்கார்ந்து செய்து பார்க்கப் போகிறோம்.