சிங்கப்பூரின் சூதாட்ட விலக்குச் சேவை எவ்வளவு தாங்கும்?

ஒருவரைச் சூதாட்ட இடங்களுக்குள் விடாமல் தடுப்பதுதான் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் நடத்தும் விலக்குச் சேவை. இதற்குக் கட்டணம் இல்லை. பலர் இதை மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா ஆகிய இரண்டு சூதாட்டக்கூடங்களுக்கான (கசினோ) தடை என்று மட்டும் நினைக்கிறார்கள். கிளப்புகளில் உள்ள ஜாக்பாட் இயந்திர அறைகளுக்கும் லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்குக்கும் சேர்த்தே விலக்குக் கேட்கலாம். விண்ணப்பிக்கும்போது மூன்றையும் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்றை மட்டும் அடைத்தால் பணம் அடுத்த வாசலுக்குப் போய்விடும்.

சுயவிலக்குதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக உள்ளே நுழைந்து விண்ணப்பிக்கலாம். விசாரணை கிடையாது, கடனுக்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. அதை நீக்குவதுதான் கடினம். ஓராண்டு முடியும்வரை நீக்கக்கோரி விண்ணப்பிக்கவே முடியாது. ஓராண்டு ஆனதும் தானாகக் காலாவதியாவதும் இல்லை. இது குறைபோலத் தோன்றும், ஆனால் சேவையின் பலமே இதில்தான் இருக்கிறது. சம்பளம் வந்த இரவில் மனம் மாறினாலும் பூட்டு திறக்காது.

குடும்ப விலக்கு வேறு கதை. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் விண்ணப்பிக்கலாம். இங்கே மதிப்பீட்டாளர் குழு இரு தரப்பையும் விசாரிக்கும். சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் போகும் என்பதால் வீட்டில் சண்டை வெடிக்க இடமுண்டு, முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ‘எப்போதும் கசினோதான்’ என்ற புலம்பலை வைத்துக் குழு ஒன்றும் செய்ய முடியாது. வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் கடிதம், கட்டாமல் விட்ட பில்கள் எனத் தேதியோடு எடுத்துப் போனால் பேச்சு நகரும். முழுத் தடைக்கு வீட்டில் மனம் வராவிட்டால், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்ற வருகை வரம்பும் இருக்கிறது. எண்ணிக்கையைத்தான் அது கட்டுப்படுத்தும். ஒரே இரவில் எவ்வளவு தோற்கலாம் என்பதற்கு அதில் எல்லை இல்லை.

திவாலானவர்கள், கம்கேர் என்ற அரசு நிதியுதவி பெறுவோர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ பாக்கி வைத்திருப்போர் ஆகியோருக்கு விண்ணப்பமே இல்லாமல் சூதாட்டக்கூடத் தடை விழும்.

சூதாட்டக்கூட வாசலில் இந்த ஏற்பாடு உறுதியாக நிற்கிறது. அடையாள அட்டை பார்க்காமல் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் உள்ளே விடுவதில்லை. 2019 முதல் அவர்கள் நுழைவு வரியாக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுக்கு 3,000 வெள்ளி கட்ட வேண்டும். இந்த வரியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 150 வெள்ளி கட்டியவர் ‘கொடுத்த காசையாவது எடுத்துவிடுவோம்’ என்று கூடுதல் நேரம் உட்காரத்தான் வாய்ப்பு அதிகம். வருடாந்தர வரி கட்டியவருக்கோ ஒவ்வொரு முறையும் வாசலில் யோசிக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது.

ஓட்டை இருப்பது அடுக்குமாடிக்குக் கீழே. 4டி, டோட்டோ என்ற எண் லாட்டரிகளை விற்கும் முகப்பில் ரொக்கம் நீட்டினால் சீட்டு கிடைக்கும், விலக்குப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. 4டி புதன், சனி, ஞாயிறு. டோட்டோ திங்கள், வியாழன். ஆக வாரத்தில் ஐந்து நாள் குலுக்கல். குறைந்தது ஒரு வெள்ளி இருந்தால் 4டி போடலாம். கசினோ பக்கமே போகாத, ஆனால் வாரச் சம்பளத்தில் பாதியை எண்களுக்குக் கொடுப்பவருக்கு இந்தச் சேவை ஏறக்குறைய பயன்படாது.

சட்டவிரோத இணையத் தளங்களுக்கும் இந்த உத்தரவு எட்டாது. தளங்களை அரசாங்கம் முடக்கினாலும் புதிது முளைக்கும். அங்கே பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆகவே விலக்குக்கு விண்ணப்பிக்கும் அன்றே இன்னும் இரண்டு வேலைகளை முடியுங்கள். சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டையை நம்பகமானவரிடம் கொடுத்து, அன்றாடச் செலவுக்கு மட்டும் ரொக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். 1800-6-668-668 என்ற உதவி எண்ணில் அழைத்து ஆலோசனைக்கு நாள் குறியுங்கள். முகப்பில் ரொக்கம் நீட்டும் கையை விலக்கு உத்தரவு பிடிக்காது.