அம்மாவின் திண்ணை உயரத்தில் ஓர் இருக்கை: இரண்டரை வருட அனுபவம்

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பு. வீட்டு வாசலிலிருந்து கடைசி வரப்புக்கு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். அம்மாவுக்கு 71 வயது. குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. முழுக்கால் காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டம்) போட்டுக்கொண்டு இத்தனை வருடம் தோப்பு முழுக்க நடந்தவர், தோள்பட்டை வலி வந்த பிறகு வாசலோடு நின்றுவிட்டார். அவருக்காகத்தான் வண்டி கட்டினேன். சதுரக் குழாயில் சட்டம், இ-ரிக்‌ஷாவின் மோட்டாரும் பின் அச்சும், 48 வோல்ட் பேட்டரி. பதிவு செய்யாத வண்டி என்பதால் பொதுச் சாலைக்குக் கொண்டுபோவதில்லை, தோப்புக்குள் மட்டும்தான்.

மோட்டார், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் நான்கு மாதத்தில் முடிந்தன. இருக்கைக்கு மட்டும் ஒரு வருடம் ஆனது.

முதலில் கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரு சின்னக் காரின் முன் இருக்கையை வாங்கி வந்தேன். கொப்பரை நிறுக்கிற தராசில் வைத்தால் 12 கிலோ. பஞ்சைப் பிரித்துத் தனியாக நிறுத்தேன், ஒன்றரை கிலோகூட இல்லை. கனமெல்லாம் முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்திலும், சாய்க்கிற பல்சக்கரத்திலும், தகட்டுச் சட்டத்திலும் இருந்தது. உட்காரப்போகிறவர் ஒரே ஆள். அவருக்கு இருக்கையை நகர்த்தவும் வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். பேட்டரி மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியில் அந்தக் கனத்தை எதற்குச் சுமக்க வேண்டும்?

ஆனால் அதைக் கழற்றிப் போட்டதற்குக் கனம் காரணமில்லை. அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, “குழிக்குள்ள போன மாதிரி இருக்குது கண்ணு, உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல” என்றார். அன்றைக்குத்தான் அவர் எப்படி உட்கார்ந்து எழுகிறார் என்பதை நான் முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். காலிப்பரில் முட்டிப் பக்கம் ஒரு வளையப் பூட்டு உண்டு. நிற்கும்போது அது கீழே விழுந்து காலை நேராகப் பிடித்துக்கொள்ளும். அவர் பக்கவாட்டில் வந்து, இடது காலை நீட்டியபடியே இருக்கையின் விளிம்பில் அமர்வார். பிறகு பூட்டை மேலே இழுத்து முட்டியை மடக்கி, காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார். எழும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும், உடம்பின் முழுப் பாரமும் கைகளில் இறங்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் தோள்தான் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டும். கார் இருக்கையின் ஓரத்தில் தொடையை அணைத்துப் பிடிக்க மேடு வைத்திருக்கிறார்களே, அந்த மேடு அவர் நகர்ந்து உள்ளே போவதற்குக் குறுக்கே நின்றது.

அடுத்து ஒரு ஃபைபர் பக்கெட் இருக்கை, பந்தயக் காரில் உடம்பை அணைத்துப் பிடிக்குமே, அந்த மாதிரி. நாலரை கிலோதான். ஆனால் ஓரம் இன்னும் உயரம், ஏற்றிப் பார்த்த அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் எல்லோரும் சொன்னபடி காலை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டரை கிலோ, உயரமும் நம் இஷ்டம். நான்கு மாத வெயிலில் வெளுத்து, முதுகுப் பக்கம் விரிசல் விட்டது. நல்லவேளை, வண்டி நின்றிருந்தபோது நானே பார்த்தேன். வெயிலில் நிற்கிற வண்டிக்குத் தயவுசெய்து யாரும் அதைப் பொருத்தாதீர்கள்.

சுழலும் தட்டு வைத்து இருக்கையை வெளிப்பக்கம் திருப்பலாம் என்றும் யோசித்தேன். தட்டும் பூட்டும் சேர்ந்தால் கனம் கூடும், நாளாக நாளாக ஆட்டமும் வரும். கையால் காலைத் தூக்கி வைக்க முடிகிறவருக்கு அது அவசியமில்லை என்று விட்டுவிட்டேன். இடுப்பு திரும்பவே திரும்பாதவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

வழி காட்டியது திண்ணைதான். வீட்டில் அம்மா யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழுகிற ஒரே இடம் அது. டேப் வைத்து அளந்தேன், 50 சென்டிமீட்டர். உயரம் கிடைத்துவிட்டது. மேலே என்ன போடுவது என்பதற்குப் பதில் அந்தத் திண்ணை ஓரமாகவே கிடந்தது: நாடாக் கட்டில். குழாய்ச் சட்டத்தில் நாடா பின்னினால் கனமும் இல்லை, காற்றும் போகும். சிட்ரோயன் 2சிவி என்ற பிரெஞ்சுக் கார் 1948இல் வெளிவந்தபோது அதன் இருக்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. குழாய்ச் சட்டம், இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள், மேலே துணி. ஒரு காருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

சட்டத்துக்கு 19 மில்லிமீட்டர் இரும்புக் குழாய், தகட்டின் தடிமன் 1.6 மில்லிமீட்டர், நீளம் ஐந்து மீட்டர். எடை மூன்றரை கிலோவுக்குள். அலுமினியம் எடையில் இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் விறைப்பும் அதே அளவுக்குக் குறைவு. வெல்டிங் சூட்டில் அதன் பலமும் குறையும். பருமனான குழாய், அதற்கென்று தனி வெல்டர் என்று பார்த்தால், மிச்சமாகிற ஒரு கிலோவுக்கு அந்தச் செலவு தகாது. நாடாவுக்கு மேல் இரண்டு அங்குல ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை, துணி உறை. எல்லாம் சேர்த்து 5.2 கிலோ.

முதல் தடவை 50 சென்டிமீட்டரில் வைத்தது என் தவறு. ஆள் உட்கார்ந்ததும் நாடா மூன்று சென்டிமீட்டர் இறங்கியது. எனவே 53இல் வைக்க வேண்டும். அந்த மூன்று சென்டிமீட்டர் அம்மா எழும்போது அவர் முகத்திலேயே தெரிந்தது. வெளிப்பக்கக் குழாயை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தி, மேலே ரெக்சின் சுற்றினேன். சேலை வழுக்கிக்கொண்டு போக அது உதவுகிறது. இருக்கையின் ஓரமும் வண்டியின் ஓரமும் ஒரே கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தபோது காலிப்பர் அதில் மாட்டியது. முன் கம்பத்தில் செங்குத்தாக ஒரு கைப்பிடி. சீட் பெல்ட்டை இருக்கையில் கட்டவில்லை, வண்டிச் சட்டத்தில்தான் போல்ட் போட்டிருக்கிறேன். இவ்வளவு மெல்லிய இருக்கையை நம்பி பெல்ட் கட்டக் கூடாது.

இதுவரை சுமார் 3,000 கிலோமீட்டர். சட்டத்தில் ஒரு வெல்டிங்கும் விடவில்லை. நாடாதான் பாடு படுத்தியது. பருத்தி நாடா முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்தது. நைலான் போட்டேன், அது ஈரத்தில் தளர்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. மூன்றாவதாகப் பழைய சீட் பெல்ட் பட்டையை வெட்டிப் பின்னினேன். அது பாலியெஸ்டர், ஈரம் குடிப்பதில்லை. ஒன்றரை வருடமாக ஒரே ஒரு முறைதான் இழுத்துக் கட்டியிருக்கிறேன். நார் மெத்தை நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். அதனால் மழை நாளில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். நான்கு போல்ட்தான், அம்மாவே ஒரு கையால் தூக்கிவிடுகிறார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். போலியோவில் தசைதான் போகும், உணர்ச்சி போகாது. எங்கே அழுத்துகிறது, எங்கே வலிக்கிறது என்று அம்மாவால் சொல்ல முடிந்தது, நானும் அங்கே மெத்தையைச் சரிசெய்தேன். தண்டுவடத்தில் அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு இந்த இருக்கை ஆகாது. அவர்களுக்குத் தெரியாமலே படுக்கைப் புண் வரும். அவர்கள் சக்கர நாற்காலிக்கு வைத்திருக்கிற மெத்தையையே வைக்கும்படி இருக்கையின் உயரத்தைக் குறைத்துக் கட்டுங்கள்.

இப்போது முன் விளிம்பில் காலிப்பர் உரசுகிற இடத்தில் இரண்டு பட்டைகள் நூல் பிரிந்திருக்கின்றன. குழாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டு மறுபடி பின்ன வேண்டும். கட்டிலுக்கு நாடா பின்னிப் பழகிய கை அம்மாவுடையது. நேற்றே சட்டத்தைத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.