ஈஸ்டர் விடுமுறைக்குக் கடற்கரை வண்டிப் பயணம் என்று பணம் கேட்கிறார்கள்: கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய வெள்ளி நெருங்கும்போது சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவிப்பு சுற்றத் தொடங்கும். ஃபோர்-பை-ஃபோர் (நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி) கிளப் ஒன்றுடன் நான்கு நாள் கடலோரப் பயணம், காப்புக்காட்டுக்குள் கூடாரம், குவாசூலு-நட்டால் மாநிலத்தின் வடகரையிலுள்ள சொட்வானாவிலிருந்து வடக்கே கடல் மணலிலேயே வண்டி ஓட்டம், சைவர்களுக்குத் தனி அடுப்பு என்று அதில் எழுதியிருக்கும். அப்படி ஓர் அறிவிப்பை நம்பி எங்கள் உறவினரும் நண்பர்களுமாகச் சில குடும்பங்கள் பணம் கட்டிச் சென்றோம். சொன்னவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை, அதற்கும் மேலாக ஒரு வயதான அம்மாவின் உயிர் மயிரிழையில் தப்பியது. ஏற்பாட்டாளரின் பெயரையோ கிளப்பின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை, ஏனெனில் விவகாரம் வழக்காகப் போகிறது. ஆனால் அவர் கையாண்ட முறையை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுவது 2002 ஜனவரி முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது. உரிமம் பெற்ற படகுத்துறைகளில் படகை இறக்குவது போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி அனுமதிச் சீட்டு இல்லாமல் அலைக்கரையில் சக்கரம் படக் கூடாது. சொட்வானாவும் அதற்கு வடக்கே கோசி விரிகுடா வரையுள்ள கரையும் இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவைச் சேர்ந்தவை. 1999இல் இந்த நாட்டின் முதல் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம் அது. தோணியாமையும் பெருந்தலையாமையும் கோடையில் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. மார்ச் வரைகூடக் குஞ்சுகள் வெளிவருகின்றன. டயர் பதித்த பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏறி வர முடியாமல் அதிலேயே ஊர்ந்து, வெயிலிலோ நண்டின் பிடியிலோ மாண்டுபோகும். ஆகவே "கடல் மணலிலேயே ஓட்டலாம்" என்று ஒருவர் பணம் வாங்கினால், அவர் தமக்கு உரிமையில்லாத ஒன்றை விற்கிறார். எங்கள் ஏற்பாட்டாளரோ தம்மிடம் சிறப்பு அனுமதி இருப்பதாகச் சொன்னார். கிளப் முத்திரை போட்ட தாளில் அனுமதி, முகாம் முன்பதிவு, மீட்புக் கருவிகள், முதலுதவியாளர் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து என்று எழுதிக் குடும்பத்துக்கு 6,800 ராண்ட் கேட்டார். பணம் கிளப்பின் கணக்குக்குப் போகவில்லை, அவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிற்று. கிளப் கணக்கு புதுப்பிக்கப்படுவதாக அதற்கு ஒரு விளக்கமும் சொல்லப்பட்டது.

டர்பனிலிருந்து என்-2 சாலையில் ஷ்லுஷ்லுவே வரை சென்று, அங்கே திரும்பி ம்பாஸ்வானா வழியாகச் சொட்வானாவை அடைய வேண்டும். பூங்கா வாயிலில் இருந்த அலுவலர் தம் பட்டியலை இரண்டு முறை பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். ஏற்பாட்டாளரின் பெயரிலும் முன்பதிவு இல்லை, கிளப்பின் பெயரிலும் இல்லை, எங்கள் யாருடைய பெயரிலும் இல்லை. ஈஸ்டர் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்று அவர் சொன்னபோது எங்கள் ஆள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றார். திரும்பி வந்து, "அண்ணா, கணினியில் ஏதோ கோளாறு, நான் வேறு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன்" என்றார்.

அந்த நல்ல இடம் வாயிலுக்கு வெளியே, சாலையோரத்தில், ஒருவருடைய வீட்டு முற்றம். அத்தனை குடும்பங்களுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். பின்புறத்தில் தகரக் கதவு போட்ட ஒரு குழிக் கழிப்பறை. மின்சாரம் இல்லாததால் சர்க்கரை நோயாளி ஒருவரின் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. முற்றத்தைத் தந்த அந்த வீட்டு அம்மாள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கும் பேசிய தொகை முழுவதும் வந்து சேரவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். குவாசூலு-நட்டாலின் அந்த வடகோடி மலேரியா அபாயம் உள்ள பகுதி. செப்டம்பர் முதல் மே வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துச் செல்லும் எவரும் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்த தாளில் மலேரியாவைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தனி அடுப்பு என்ற வாக்கும் அப்படியே போயிற்று. பெரிய வெள்ளி நம்மவர்களில் பலருக்கு மாரியம்மன் விரத நாள். மவுண்ட் எட்ஜ்கம்பிலும் இசிபிங்கோவிலும் கோவில் வளாகம் நிரம்பி வழியும் நாள். அன்று கோவிலுக்குப் போகாமல் எங்களுடன் வந்த பெண்கள், தனிச் சமையல் என்ற உறுதியை நம்பித்தான் வந்தார்கள். அங்கே இருந்தது இறைச்சி சுடும் ஒரே ஒரு பிராய் கம்பி; அதில் ஏற்கெனவே இறைச்சி வெந்துகொண்டிருந்தது. அவர்கள் அன்று இரவு ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தார்கள். பணக் கணக்கில் இது சிறிய தொகையாகத் தெரியலாம், எனக்கு இது சிறியதாகப் படவில்லை.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம் மறுநாள் நடந்தது. ஈஸ்டர் ஞாயிறு, மார்ச் 21ஆம் தேதியிலோ அதன் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் ஈஸ்டர் விடுமுறை பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே அமையும். அந்த நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுதி. நம் கரையில் பௌர்ணமி, அமாவாசைக் காலத்தில் காலை பத்து மணியை ஒட்டி நீர் நன்றாக வற்றியிருக்கும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குச் சுமார் இரண்டு மீட்டர் உயர்ந்து மணல்மேட்டின் அடியை எட்டும். கடலோரத்தில் வண்டிகளை வழிநடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவருக்கு இது பால பாடம். எங்களுக்கு வழிகாட்டியாகவும் வந்த ஏற்பாட்டாளர் எங்களைக் கிளப்பியதே மதியம் ஒரு மணிக்கு மேல்.

மணல்மேட்டுக்குப் பின்னால் செல்லும் மணல் தடத்தில் நுழையும் முன் டயர்களின் காற்றைக் குறைக்க வேண்டும். தார்ச்சாலையில் 2.2 பார் (காற்றழுத்த அலகு) அளவில் ஓடும் டயரை மென்மணலில் 1.2 பார் அளவுக்கு இறக்கினால், அது யானைப் பாதம் போல அகன்று மணலின் மேலேயே நடக்கும். இறக்காவிட்டால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை புதையும். இதைச் சொல்லிக் கொடுப்பதற்காகத்தானே கிளப்? அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களில் ஓரிருவர் தாமாகவே இறக்கினோம். கரைக்கு இறங்கும் வெட்டுக்கு வந்ததும் அங்கே வண்டிகள் இறங்கக் கூடாது என்ற பலகை நின்றது. நான் வண்டியை நிறுத்தி, "தம்பி, அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டேன். அலுவலகத்தில் பேசியாகிவிட்டது, தாள் தேவையில்லை என்று பதில் வந்தது. நானும் இன்னொரு குடும்பமும் மேலேயே நின்றுவிட்டோம். தம் மீது நம்பிக்கை வைத்த மூன்று வண்டிகளை அவர் கீழே அழைத்துச் சென்றார்.

கடைசியாக இறங்கிய பக்கி (பின்புறம் திறந்த பிக்கப் வண்டி), ஈரமணலை அடையும் முன்பே புதைந்தது. மீட்புக் கருவிகள் என்று தாளில் எழுதியிருந்தாரே, அவருடைய பெட்டியிலிருந்து வெளியே வந்தது கடையில் விற்கும் சாதாரண இழுவைக் கயிறு. இரு முனையிலும் இரும்புக் கொக்கி. மண்வெட்டி இல்லை, மணற்பலகை இல்லை. டயருக்குக் காற்றடிக்கக் கொண்டுவந்த ஒரே கம்ப்ரசரும் ஓடவில்லை. அந்தக் கயிற்றின் ஒரு கொக்கியைப் புதைந்த பக்கியின் முன்பக்கக் கண்ணியிலும், மறுகொக்கியைத் தம் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையான டோ-பாலைத் தாங்கும் தகட்டிலும் மாட்டினார். நான் மேலிருந்து கத்தினேன், என்னுடன் நின்றவரும் கத்தினார். டிரெய்லரை இழுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த அமைப்பு, மணலில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும் விசையைத் தாங்காது. பிய்த்துக்கொண்டால் அந்த இரும்பு துப்பாக்கிக் குண்டு போலப் பறக்கும். உலகின் பல இடங்களில் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். முறையாகச் செய்பவர்கள், தாங்கும் எடை குறிக்கப்பட்ட மீட்புக் கண்ணியில் ஷாக்கிள் என்ற இரும்பு வளையத்தைக் கொண்டு நீளும் கைனடிக் கயிற்றைப் பூட்டுவார்கள். கயிற்றின் மேல் கனமான துணியையோ ஈரமணல் நிரப்பிய பையையோ போடுவார்கள். ஓட்டுநர்கள் தவிர மற்றவர்களை வெகுதூரம் விலகி நிற்கச் சொல்வார்கள்.

பக்கியின் முன் இருக்கையில் ஓட்டுநரின் தாயார் உட்கார்ந்திருந்தார். எங்கள் கூச்சலைக் கேட்டு அவருடைய மருமகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து அவரை இறக்கி, கைத்தாங்கலாக மேட்டுப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். அதற்குள் முன்வண்டி உறுமிப் பாய்ந்தது. இரும்பு முறியும் சத்தம் கேட்டது. தகட்டோடு பிய்ந்த கொக்கி பக்கியின் முன்கண்ணாடியைத் துளைத்துச் சென்று, அந்த அம்மா சற்றுமுன் சாய்ந்திருந்த இருக்கையின் தலைத்திண்டில் பாதி வரை செருகி நின்றது. திண்டின் பஞ்சு பிதுங்கி வெளியே தொங்கியது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன்; இருகையாலும் இழுத்தும் அது வரவில்லை.

அதன் பிறகு எங்களைக் காப்பாற்றியவர்கள் பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள். மண்வெட்டிகளோடு வந்து சக்கரங்களுக்கு முன்னால் மணலை வாரி, டயர் காற்றை 0.8 பார் அளவுக்கு இறக்கி, மரக்கிளைகளை விரித்து வண்டியை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குள் அலை கதவின் அடிவிளிம்பைத் தொட்டுவிட்டது. உப்புநீர் புகுந்த மின்கம்பிகளும் பிரேக்கும் இன்னும் சரியாகவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வியே, கரையில் ஓட்ட அனுமதி இருந்ததா என்பதுதான். பூங்கா அலுவலர்கள் வந்து, கீழே இருந்த வண்டிகளின் ஓட்டுநர்கள் பெயரில் அபராதம் எழுதினார்கள். அப்போது எங்கள் ஏற்பாட்டாளர் அவர்களிடம் சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்: "நானும் இவர்களைப் போல விருந்தாளியாகத்தான் வந்தேன்." அன்று மாலையே அவர் ஊர் திரும்பிவிட்டார். கம்ப்ரசர் இல்லாததால், காற்று குறைந்த டயர்களோடு ம்பாஸ்வானா பெட்ரோல் நிலையம் வரை ஊர்ந்து போய்த்தான் நாங்கள் காற்று நிரப்பினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதல் நாள் வாயிலருகே வண்டியின் பானெட்டில் வைத்து அவசரமாகக் கையெழுத்து வாங்கிய பொறுப்புத் துறப்புத் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். அந்தத் தாளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, பெருங்கவனக்குறைவால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ள எவருக்கும் அதிகாரம் இல்லை. இடம் ஒதுக்கியதாகப் பணம் வாங்கி இடம் தராவிட்டால் வட்டியோடு திருப்ப வேண்டும், அதனால் நேரடியாக ஏற்பட்ட செலவையும் ஈடுகட்ட வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. குறைபாடான சேவைக்கு 54ஆம் பிரிவு இருக்கிறது. சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 2019 ஏப்ரலில் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டது. அங்கே வழக்கறிஞர் வைக்க இடமில்லை என்பதால் சாதாரண மனிதர் தம் வாயாலேயே வழக்கைச் சொல்லலாம். அதற்கு முன் எழுத்து மூலம் கோரிக்கை விடுத்து 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்துவிட்டோம்.

நேர்மையாக நடக்கும் கிளப்புகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அவை புதியவரை முதலில் மணல் பயிற்சிக்கு அழைக்கும். புறப்படும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து மீட்புக் கண்ணியைச் சரிபார்க்கும். எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும். நீங்கள் பணம் கட்டும் முன் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, முகாமை நடத்தும் அலுவலகத்தை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். சொட்வானா முகாம் என்றால் எசெம்வெலோ வனவிலங்குத் துறையின் பதிவு அலுவலகம் சொல்லிவிடும். அனுமதிச் சீட்டில் இடமும் தேதியும் வண்டி எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். எண்ணைத் தர மறுப்பவரிடம், விடுமுறை நெருங்கிவிட்டது, இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துபவரிடம், மேலும் பேச வேண்டியதில்லை.

எங்களோடு அந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வங்கிச் சீட்டு, அபராதத் தாள், அந்த முற்றத்தில் எடுத்த படங்கள் எல்லாம் சான்றுகள். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் குழுவாக ஒரே மனு போடும் எண்ணத்தில் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரும், ஏற்பாட்டாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் பகுதியின் நீதிமன்ற எழுத்தரிடம் தனித்தனியே மனு கொடுங்கள். தலைத்திண்டில் செருகிய கொக்கியின் படங்கள் என்னிடம் உள்ளன. கேட்பவர்களுக்கு அனுப்பித் தருகிறேன்.