அதிக உதிரப்போக்கு: மாத்திரையா, கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமா?

ஒரு மாதவிடாயில் 80 மில்லி லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது அதிக உதிரப்போக்கு என்பது பழைய கணக்கு. வீட்டில் யாரும் அளந்து பார்க்க முடியாது என்பதால், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா என்பதையே இன்று மருத்துவர்கள் முதலில் கேட்கிறார்கள். மணிக்கொரு முறை நாப்கின் மாற்றுவதும், கட்டி கட்டியாகப் போவதும், படியேறினாலே மூச்சு வாங்குவதும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

ட்ரானெக்சாமிக் அமில மாத்திரையில் ஹார்மோன் இல்லை. உறைந்த இரத்தம் மீண்டும் கரைந்துவிடாமல் தடுப்பதே அதன் வேலை. போக்கு மிகுந்த நான்கைந்து நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் இழப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையக்கூடும். கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு இதுவே பொருந்தும். ஆனால் கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்தவர்களுக்குக் கூடாது. வலிநிவாரணியான மெஃபனாமிக் அமிலம் இந்த அளவுக்குப் போக்கைக் குறைக்காது என்றாலும், வயிற்று வலியும் சேர்ந்து வாட்டினால் கைகொடுக்கும். கூட்டு ஹார்மோன் கருத்தடை மாத்திரை சுழற்சியையும் ஒழுங்குபடுத்தும். புகைபிடிக்கும் 35 வயதைக் கடந்தவர்களும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் கொண்ட, கருப்பைக்குள் பொருத்தும் சாதனம் கருப்பையின் உட்சுவரை மெலியச் செய்து, சில மாதங்களில் போக்கை 70 முதல் 95 விழுக்காடு வரை குறைக்கிறது. உதிரப்போக்குக்காகப் பொருத்தினால் பொதுவாக 5 ஆண்டுகள் பயன்படும். இந்தச் சாதனத்தையும் மாத்திரைகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த எக்லிப்ஸ் ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சாதனத்தைத் தொடர்ந்தவர்கள் 64 விழுக்காடு, மாத்திரைகளைத் தொடர்ந்தவர்கள் 38 விழுக்காடு. குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் பெண்ணுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஒழுங்கின்றிச் சொட்டுச் சொட்டாகப் போகும் என்பதைப் பொருத்துவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் விட்டால், பலன் தெரியத் தொடங்கும் வேளையில் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எடுத்துவிடச் சொல்வார்கள். கருப்பையின் உள்வெளியையே கோணலாக்கும் நார்க்கட்டி இருந்தால் சாதனம் பொருந்தாது.

45 வயதைக் கடந்தபின் புதிதாகப் போக்கு கூடினாலோ, மாதவிடாய்களுக்கு இடையிலும் தொடர்ந்து இரத்தம் பட்டாலோ, எந்த மருந்தையும் நம்பியிருக்காமல் கருப்பை உட்சுவர்த் திசுவைப் பரிசோதிக்க வேண்டும். உட்சுவரை அழிக்கும் சிகிச்சையும் கருப்பை நீக்கமும் இனிக் குழந்தை வேண்டாம் என்று உறுதியாக முடிவெடுத்தவர்களுக்கு மட்டுமே.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஹீமோகுளோபினுடன், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்க வேண்டும். போக்கு நின்றதாலேயே இரத்தசோகை தீர்ந்துவிடாது; ஹீமோகுளோபின் சீரான பிறகும் சுமார் மூன்று மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும்.