சிம்மில் வைக்கத் தெரியாத இண்டக்‌ஷன் அடுப்பு

சென்ற வாரம் என் இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரித்து, செத்துப்போன ஐ.ஜி.பி.டி.யை, அதாவது உள்ளே மின்சாரத்தை அதிவேகமாக விட்டுவிட்டு அனுப்பும் மின்னணு சுவிட்சை, மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட நண்பர், "இத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்களே, நானும் ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டார். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வந்து சேரும்வரை திண்டாட வேண்டியிருக்கிறது என்பது அவர் கவலை. தொலைபேசியில் நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் திருப்தியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது எல்லோரும் வாங்கும் ரகம்: 2,000 வாட், ஒற்றை அடுப்பு, கறுப்புக் கண்ணாடி, தொட்டால் கூவும் பொத்தான்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்தால் உள்ளே ஒரே மாதிரிச் சர்க்யூட்தான் இருக்கும். நான் சொல்லப்போகும் குறை அந்தச் சர்க்யூட்டின் குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபம் வந்த பிறகு நியாயம் பேச வராது. இதை வாங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒரு சுகம், சமையலறையில் மின்விசிறி போட முடிவது. கேஸ் அடுப்பு எரியும்போது விசிறி போட்டால் தீ அலையும், அணையும். அதனால் மே மாத மதியங்களில் வியர்வையோடு நின்றே சமைத்துப் பழகிய வீடு எங்களுடையது. இண்டக்‌ஷனில் தீ என்பதே இல்லை. வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுச் சாம்பார் வைக்கலாம். அம்மா முதல்நாள் அதை அனுபவித்துவிட்டு, "இதற்காகவே இது இருக்கட்டும்" என்றார். குக்கரில் பருப்பு வைத்து நேரத்தைக் குறித்துவிட்டு வெளியே போய்விடலாம்; தானே அணைந்துவிடும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும் வேகத்தைக் கேஸால் தொட முடியாது. வெண்ணெய் காய்ச்சுவதற்கும் இதுதான். கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் வெண்ணெயைப் போட்டு, வெப்ப அளவை 120 டிகிரியில் நிறுத்தினால், அடியில் கசண்டு கருகாமல் பொன்னிறமாக இறங்கும். முருங்கைக் கீரையைப் போடும் நேரத்துக்கு மட்டும் பக்கத்தில் நின்றால் போதும்.

இனி பால்.

எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் பாலை ஊற்றி, பொங்கும் தறுவாயில் வாட்டை 200-க்குக் குறைத்துப் பாருங்கள். கேஸில் சிம்மில் வைத்தால் பால் மேலே ஆடை கட்டி, ஓரத்தில் மட்டும் மெல்ல முத்துவிட்டுக்கொண்டு இருக்கும். இங்கே அப்படி இல்லை. 'உர்ர்' என்று ஒரு முனகல், பால் குபுக்கென்று எழும். பிறகு நிசப்தம், பால் அப்படியே அடங்கிப் படுத்துவிடும். சில நொடிகள் கழித்து மறுபடி 'உர்ர்', மறுபடி குபுக். பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அடியைப் பார்த்தால், நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். கண்ணாடிக்குக் கீழே இருந்து பாத்திரத்தைச் சூடாக்கும் செம்புச் சுருளின் அச்சு அது. அந்த வளையத்தைத் தேய்த்து எடுப்பதற்கே தனியாக ஒரு கம்பி நார் வைத்திருக்கிறோம். காபியில் அடிப்பிடித்த வாசனை வந்தால் அன்றைய காலைப் பொழுதே கெட்டுப்போகும் வீட்டில், இது சின்ன விஷயம் இல்லை.

திரையில் 200 என்று காட்டுவதை நம்பாமல், பிளக்கில் செருகும் வாட் மீட்டரை இடையில் போட்டுப் பார்த்தேன். 200 வாட் எங்கேயும் இல்லை. ஆயிரத்தை ஒட்டிய ஓர் எண் கொஞ்ச நேரம் நிற்கிறது. பிறகு விசிறிக்கும் போர்டுக்கும் ஆகும் சொற்ப வாட் மட்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 200 வரலாம். ஆனால் பால் சராசரியில் காய்வதில்லை. அந்த ஆயிரம் வாட் ஓடும் நேரத்தில்தான் அடிப்பிடிக்கிறது. 500 வைத்தாலும் இதே கதைதான், முனகல் கொஞ்சம் நீளம், அவ்வளவே. 1,000-க்கு மேலே போனால்தான் விட்டுவிட்டு ஓடாமல் சீராக ஓடுகிறது.

ஏன் இப்படி என்பது புரிந்த பிறகு என் எரிச்சல் குறையவில்லை, கூடித்தான் போனது. இந்த விலை அடுப்புகளில் ஒற்றை ஐ.ஜி.பி.டி. மட்டுமே இருக்கும். செம்புச் சுருளும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்து மின்சாரத்தை ஊஞ்சல்போல ஆட்ட, ஐ.ஜி.பி.டி. அதை நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் தள்ளிவிடுகிறது. ஊஞ்சல் முழுதாகத் திரும்பி வந்த நொடியில் தள்ளினால் கைக்கு வலி இல்லை. அந்த நொடியில் ஐ.ஜி.பி.டி.யின் மேல் வோல்டேஜ் பூஜ்யமாக இருக்கும். குறைந்த வாட்டுக்காக மெல்லத் தள்ளினால் ஊஞ்சல் அவ்வளவு தூரம் திரும்பி வராது, பாதி வழியிலேயே இடிவாங்கிக்கொண்டு தள்ள வேண்டியிருக்கும். அந்த இடி முழுவதும் ஐ.ஜி.பி.டி.யில் சூடாக இறங்கும். அதனால்தான் குறைந்த வாட்டில் தொடர்ந்து ஓட்டாமல், ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். இரண்டு ஐ.ஜி.பி.டி. போட்ட சர்க்யூட்டில் இன்னும் கீழே இறங்கிச் சீராக ஓட்ட முடியும். அதற்குச் செலவு கூடும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் திரையில் 200 என்று எழுதிவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? 'விட்டுவிட்டு 1,000' என்று எழுத வேண்டியதுதானே!

பால் காய்ச்சுவதை விடுங்கள், பாகு இன்னும் மோசம். தீபாவளிக்கு அதிரசப் பாகு. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டு திரள வேண்டும். ஒரு பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், இல்லையென்றால் கல்லாகும். அம்மா சொட்டு விட்டுப் பார்ப்பதற்கு முன்பே நுரையைப் பார்த்துப் பதம் சொல்வார். குமிழி சின்னதாக இருந்து பெரிதாகி, கனத்து, மெதுவாக உடையும்போது கரண்டியைக் கையில் எடுத்துவிடுவார். இந்த அடுப்பில் நுரை பொங்குகிறது, உடனே செத்துப்போகிறது, மறுபடி பொங்குகிறது. எந்தக் குமிழியைப் பார்த்துப் பதம் சொல்வது? வெல்லம் ஓரத்தில் கருக ஆரம்பித்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் பாத்திரத்தைத் தூக்கிக் கேஸுக்குக் கொண்டுபோய்விட்டார்.

இதைச் சரிசெய்ய நான் செய்து பார்த்ததில் ஓரளவு பலித்தது, நெய்க்குக் கைகொடுத்த அதே கனம்தான். அடுப்பின்மேல் பழைய, தட்டையான, கனத்த இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பால் பாத்திரத்தை வைத்தேன். சுருளின் துடிப்பை இரும்பு உள்வாங்கிக்கொண்டு, சூட்டை மெல்ல மேலே விடுகிறது. வளையம் மறைந்துவிட்டது. இண்டக்‌ஷன் கண்டுகொள்ளாத மண்சட்டியையும் வெண்கல உருளியையும்கூட இந்தக் கல்லின்மேல் வைத்துச் சமைக்க முடிகிறது. மண்சட்டியில் வைத்த மீன்குழம்பு நன்றாகவே வந்தது. ஆனால் கல் சூடேற நேரம் எடுக்கிறது, ஆறவும் நேரம் எடுக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கி வழியும். அதைவிட முக்கியம், அந்தச் சூட்டில் ஒரு பகுதி கீழே கண்ணாடிக்கும் சுருளுக்கும் போகிறது. 500-க்கு மேல் வைத்தால் சூட்டுக் காப்பு வேலை செய்து அடுப்பு நடுவில் நின்றுவிடுகிறது. அவசரத்துக்கு உதவும் வழி இது, தினசரிக்கு ஆகாது.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கினால் உங்களுக்கும் வரும். ஒருநாள் காலையில் பிளக்கைப் போட்டதும் வீட்டு எம்.சி.பி. (மின்சாரம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. திறந்து பார்த்தேன். அடியில் இருக்கும் விசிறி, சமையலறைக் காற்றையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து உள்ளே இழுத்து, போர்டு முழுவதும் பிசுபிசுப்பாக ஒரு படலம் படிந்திருந்தது. சூடான இடம் தேடி வந்த கரப்பான் பூச்சி ஒன்று ஐ.ஜி.பி.டி.யின் கால்களுக்குக் குறுக்கே கருகிக் கிடந்தது. ஃபியூஸ் கறுத்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் ஐ.ஜி.பி.டி. மூன்று கால்களுக்கும் ஒரே கூவல். அதோடு, வீட்டு ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் டயோடும் போயிருந்தது. சென்னையில் மின்னணு உதிரி பாகம் விற்கும் ரிச்சி தெருவில் 1,200 வோல்ட், 20 ஆம்பியர் ஐ.ஜி.பி.டி. ஒன்றும் பிரிட்ஜும் ஃபியூஸும் வாங்கிவந்து ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மாற்றியதும் நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஃபியூஸ் இடத்தில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துப் போட வேண்டும். இன்னும் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், புது ஐ.ஜி.பி.டி. பிழைக்கும். என் பல்பு மினுக்கிவிட்டு அணைந்தது. அதுதான் நல்ல சகுனம். கண்ணாடியின் நடுவில் அடியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும், சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர், 30 டிகிரி அறையில் 80 கிலோ ஓம் காட்டியது, அது நலம். அதன்மேல் காய்ந்துபோயிருந்த வெள்ளைப் பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். இதில் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து கை வைக்காதீர்கள். உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் நிற்கும்.

இவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடிவதை நான் உண்மையாகவே மெச்சுகிறேன். கடைகளில் உதிரி பாகம் கிடைக்கிறது, சர்க்யூட் புரிகிறது, செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. விசிறி வாயில் மெல்லிய வலை ஒன்றை ஒட்டியிருக்கிறேன். காற்றுக்குத் தடையில்லை, கரப்பானுக்கு வழியில்லை. அந்த வலைக்கு ஆகும் ஐந்து ரூபாயை உற்பத்தியாளரே செலவழித்திருக்கலாம்.

கரண்ட் செலவு பற்றி நண்பர் கேட்டதற்கும் பதில். 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷனில் செய்ய, என் கணக்குப்படி ஏறக்குறைய 140 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகலாம். ஏ.சி. ஓடும் வீட்டில் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே வேறு. அப்போது பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இத்தனை நல்லதையும் சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். இட்லிக்கும் பருப்புக்கும் வெந்நீருக்கும் இதைப்போல ஒன்று கிடையாது. என் அடுப்பை நான் விற்கப்போவதும் இல்லை. ஆனால் நண்பர் வீட்டில் காலையில் மூன்று முறை பால் காய்கிறது, அவர் மனைவி பாகு வைப்பதில் பேர்போனவர். கேஸை மூடிவைத்துவிட்டு இதை மட்டும் நம்பினால் அந்தச் சமையலறையில் தினமும் சண்டைதான். இன்று காலைகூட எங்கள் வீட்டுக் காபியில் தீய்ந்த வாசனை.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையோடு ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துப்போய், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆகக் குறைந்த வாட்டில் வைத்துத் தண்ணீரைப் பாருங்கள். கொதி ஒரே சீராக, மெலிதாக நீடித்தால் விலை கூடுதலானாலும் அதை வாங்குங்கள். எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் வேண்டாம்.