ஐம்பதைக் கடந்து போல் ஃபிட்னஸ் தொடங்கியவர்கள், வீட்டுக்குக் கம்பம் வாங்குமுன் இதைப் படியுங்கள்: நான் இழந்தது 46,800 ரூபாய்

செங்குத்தாக நிற்கும் உலோகக் கம்பத்தைப் பிடித்து ஏறியும் தொங்கியும் செய்யும் உடற்பயிற்சிதான் போல் ஃபிட்னஸ் (pole fitness). அதற்காக வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் கம்பம் ஒன்றை, படங்கள் பகிரும் ஒரு செயலியில் விளம்பரம் செய்துவரும் விற்பனையாளரிடம் வாங்கி 46,800 ரூபாயை இழந்திருக்கிறேன். நேற்று மாலை அவர்கள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் பேசும் முறையையும் அனுப்பிய பொருளின் தன்மையையும் விரிவாகவே எழுதுகிறேன். பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் அவற்றை வைத்து நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எனக்கு 53 வயது ஆகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எடுத்த பரிசோதனையில் எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கியிருப்பது தெரிந்தபோது, நடைப்பயிற்சி மட்டும் போதாது, தசைகளுக்கும் எலும்புகளுக்கும் பாரம் கொடுக்கும் பயிற்சி ஏதாவது வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அப்போது நான் பெங்களூருவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் போய்க்கொண்டிருந்த போல் ஸ்டூடியோவில் தொடக்கநிலை வகுப்பில் நானும் சேர்ந்தேன். அந்த ஸ்டூடியோவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் ரத்த அழுத்தத்தையும் கண் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்ன பிறகே, தலைகீழாகத் தொங்கும் நிலைகளைப் பற்றிப் பயிற்சியாளர் பேசவே தொடங்கினார். இந்த வயதில் தசை வேகமாகத் தேறிவிடும், தசைநாண்கள் மெதுவாகத்தான் தேறும், அதனால் கை வலுவாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் முழங்கையும் தோளும் பழுதாகும் என்று அவர் ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டுவார். முதலில் தரையில் நின்றபடி கம்பத்தைப் பிடித்து உடலைத் தாங்கப் பழகினேன். பிறகு தொடைகளால் கம்பத்தைக் கவ்வி உட்காரக் கற்றேன். ஊருக்குத் திரும்பும் நேரத்தில் கம்பத்தின் பாதி உயரம் வரை ஏறி இறங்க முடிந்தது. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் விழுந்த கன்றல் தழும்புகளைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை, ஏனென்றால் பல ஆண்டுகளுக்குப் பிறகு என் உடலை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

கோவைக்குத் திரும்பியதும் வீட்டுக்கு அருகில் வகுப்பு எதுவும் கிடைக்காததால், பழகியது விட்டுப்போகாமல் இருக்க வீட்டில் ஒரு கம்பம் வைத்துக்கொள்ள முடிவு செய்தேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கம்பங்களின் விலையும் சுங்கமும் கைக்கு எட்டவில்லை. அந்தத் தேடலின்போதுதான் இந்த விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. நரை கலந்த தலையுடன் ஒரு பெண்மணி கம்பத்தில் அமர்ந்திருக்கும் படம் போட்டு, ‘நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது’ என்று அதில் எழுதியிருந்தார்கள்.

நான் செய்தி அனுப்பிய சற்று நேரத்துக்கெல்லாம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. “அம்மா, உங்களுக்கு என்ன வயது, முழங்கால் வலி உண்டா, விரல் மூட்டுகள் காலையில் இறுகிப்போகுமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டுக் கூரை கான்கிரீட்டா, அதற்குக் கீழே ஜிப்சம் பலகை அடித்திருக்கிறோமா, தரையிலிருந்து கூரை வரை எத்தனை அடி என்றெல்லாம் விசாரித்தார். இந்தக் கேள்விகள் அத்தனையும் சரியான கேள்விகள் என்பதுதான் என்னை அவர் பக்கம் சாய்த்தது. கூரைக்கும் தரைக்கும் இடையே இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் கம்பத்தை ஜிப்சம் பலகையில் முட்டுக்கொடுத்தால் பலகை உடைந்து கம்பம் ஆளோடு சாயும் என்று என் பயிற்சியாளரும் எச்சரித்திருந்தார்.

நான் மூன்று விஷயங்களைக் கேட்டேன். நிக்கல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, கவரிங் நகை போட்டாலே காது புண்ணாகும் என்பதால், நிக்கல் பூச்சின் மேல் குரோமியம் ஏற்றிய கம்பம் வேண்டாம், எவர்சில்வர் கம்பமே வேண்டும் என்றேன். “304 தரம் அம்மா, முழுக்க எவர்சில்வர்” என்றார். விட்டம் 45 மில்லிமீட்டராக இருக்க வேண்டும் என்றேன். சர்வதேசப் போட்டிகளிலும் அந்த அளவுதான் பயன்படுகிறது, நான் பழகியதும் அதில்தான். “50 மில்லிமீட்டர் கம்பத்தை உங்கள் வயதில் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்காது அம்மா, நானே உங்களுக்கு 45தான் சொல்லியிருப்பேன்” என்றார். கம்பம் சுழலும் நிலை, சுழலாத நிலை இரண்டும் வேண்டும், சுழலாத நிலையில் உறுதியாகப் பூட்ட முடிய வேண்டும் என்றேன். அதற்கும் ஒப்புக்கொண்டு, கம்பத்தைப் பூட்டிக் காட்டும் காணொளி ஒன்றை உடனே அனுப்பினார். கடைசியாக, “இது நம்ம விழுப்புரம் பிள்ளைகள் ஏறுகிற மல்லர் கம்பம் மாதிரிதான் அம்மா, நம் மண்ணுக்குப் புதிதில்லை” என்றும் சொன்னார். மல்லர் கம்பம் மண்ணில் ஆழப் புதைக்கப்பட்டு, விளக்கெண்ணெய் பூசப்பட்ட மரத்தூண். வீட்டுக் கம்பத்தின் பாதுகாப்போடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் என் வயதையும் என் ஊரையும் மதித்துப் பேசுகிற ஒருவர் என்ற எண்ணத்தை அந்தப் பேச்சு எனக்குள் உண்டாக்கியது. அன்று மாலையே 46,800 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினேன். பில் பார்சலுக்குள் இருக்கும் என்றார்.

பார்சலுக்குள் பில் இல்லை. கம்பம் மூன்று துண்டுகளாக வந்திருந்தது. கையில் எடுத்ததுமே ஸ்டூடியோவில் பிடித்த கம்பத்தைவிடப் பருமனாகத் தெரிந்தது. நான்கு விரல்களும் கட்டைவிரலும் சந்திக்கவில்லை. என் கணவர் ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக நிறுத்திய பிறகும், உள்ளங்கையால் தள்ளினாலே கம்பம் இணைப்புகளில் ஆடியது. துண்டுகள் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கம்பத்தை இறுகக் கவ்வுகிற உள்தொடைத் தோல் அந்த இடைவெளியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பயிற்சி செய்தவர்கள் அறிவார்கள். சுழற்சியைப் பூட்டும் திருகை முழுவதும் முறுக்கியும், பிடித்துத் தொங்க முயன்றால் கம்பம் சட்டென்று கால் சுற்று திரும்பியது. பாதம் தரையில் இருக்கும்போதே அதைச் சோதித்துப் பார்த்ததால் எனக்கு அடிபடவில்லை. ஏறிய பிறகு அது நடந்திருந்தால், என் எலும்புகளின் நிலையில், மணிக்கட்டோ இடுப்போ முறிந்திருக்கும்.

மறுநாள் கோவையின் கணபதி பகுதியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குக் கம்பத்தின் ஒரு துண்டை எடுத்துப் போனோம். பட்டறைக்காரர் வெர்னியர் வைத்து அளந்து 50 மில்லிமீட்டர் என்றார். காந்தத்தை வைத்ததும் பலமாக ஒட்டிக்கொண்டது. 304 தர எவர்சில்வர் குழாயில் காந்தம் இப்படி ஒட்டாது, இது சாதாரண இரும்புக் குழாய்க்கு மேல் குரோமியம் பூசியது என்றார். குழாயின் ஓரத்தில் பூச்சு அப்போதே செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. எந்தப் பூச்சு வேண்டாம் என்று காதுப் புண்ணைச் சொல்லிக் கேட்டேனோ, அதே பூச்சைத்தான் 46,800 ரூபாய்க்கு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

அதன் பிறகு நடந்தவற்றை எழுதும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. அளவெடுத்த படங்களை அனுப்பியதும், ‘டெக்னிக்கல் டீம் அழைப்பார்கள்’ என்று பதில் வந்தது, ஒருவரும் அழைக்கவில்லை. மீண்டும் கேட்டபோது, பார்சலைப் பிரித்த காணொளியை எந்த இடத்திலும் வெட்டாமல் அனுப்ப வேண்டும் என்றார்கள். என் கணவர் எடுத்து வைத்திருந்ததை அனுப்பினேன். அது தெளிவாக இல்லை என்றார்கள். கம்பம் ஆடுவதற்கு எங்கள் கூரைதான் காரணம் என்றார்கள். கூரை கான்கிரீட் என்று முன்பே கேட்டு அறிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். பிறகு, என் கை வியர்ப்பதால் பிடி வழுக்குகிறது, மக்னீசியம் கார்பனேட் பொடி வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள், அதுவும் எங்களிடம் கிடைக்கும் என்று ஒரு விலைப்பட்டியலை அனுப்பினார்கள். விட்டம் 45 இல்லை, 50 என்பதற்கு மட்டும் கடைசிவரை ஒரு பதிலும் இல்லை.

நான் விடாமல் கேட்டபோது, முதல் நாள் அத்தனை அக்கறையாகப் பேசிய அதே மனிதர் குரல் செய்தி அனுப்பினார். “அம்மா, உண்மையைச் சொன்னால், இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. கோயில், யோகா என்று இருங்கள். கம்பத்தில் ஒரு குறையும் இல்லை” என்றார்.

46,800 ரூபாய் போனதைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் கொதிக்க வைக்கிறது. விற்கும்போது என் வயதைக் காட்டித்தான் விற்றார்கள். விளம்பரத்தில் இருந்த நரைத்த தலை, விரல் மூட்டுகளைப் பற்றிய கேள்வி, கம்பத்தின் பருமன் பற்றிய அறிவுரை எல்லாமே வயதானவர்களைப் பிடிப்பதற்கானவை. பணம் கைமாறிய பிறகு, அதே வயதையே காரணம் காட்டிப் புகாரைத் தள்ளுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒன்று உண்டு: ஐம்பதைக் கடந்த பெண் ஒருத்தி, கம்பத்தில் ஏறிப் பயிற்சி செய்வதற்காகப் பணத்தை இழந்தேன் என்று வெளியே சொல்லக் கூசுவாள், வீட்டில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அடங்கிப்போவாள் என்பது. நான் கூசவில்லை. 2012இல் லண்டனில் தொடங்கிய உலகப் போல் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு, நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகளே வைத்திருக்கிறது. நான் போட்டிக்குப் போகப்போவதில்லை. ஆனால் என் வயதில் இது ஒத்துவருமா என்பதைத் தீர்மானிக்க என் மருத்துவரும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள். இரும்பை எவர்சில்வர் என்று விற்றவருக்கு அதில் கருத்துச் சொல்ல எந்த உரிமையும் இல்லை.

குரல் செய்திக்கு நான் எழுதிய பதிலைப் படித்த பிறகுதான் எண்ணைத் தடை செய்தார்கள். செயலியில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் தென்படவில்லை என்று தானியங்கிப் பதில் வந்தது. வங்கியில், பணத்தை நானே ரகசிய எண் போட்டு அனுப்பியிருப்பதால் அவர்களால் திருப்பி எடுக்க இயலாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இழந்த தொகை இவ்வளவாக இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அவர்கள் பக்கத்தில் போட்டிருப்பதைக் கண்டு யாரும் பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

கம்பம் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். ஆணையத்துக்கான ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டியிருப்பதால் இப்போதைக்கு அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்புமுன் ஜிஎஸ்டி எண்ணுடன் பில்லைக் கேளுங்கள். பார்சலில் வரும் என்றால் வாங்காதீர்கள். விட்டம், உலோகத்தின் தரம், தாங்கும் எடை மூன்றையும் தொலைபேசியில் கேட்டு விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். கம்பம் வந்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள், அருகில் லேத் பட்டறை இருந்தால் அளந்து பாருங்கள், இரண்டு கால்களும் தரையில் இருக்கும்போதே பிடித்து இழுத்துச் சோதியுங்கள். கீழே கனமான மெத்தை இல்லாமல், வீட்டில் வேறு ஆள் இல்லாமல் ஏறாதீர்கள்.

இன்று காலை என் மகளின் கணக்கிலிருந்து பார்த்தபோது, அதே விளம்பரம் அதே பெண்மணியின் படத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ‘முதியோருக்குச் சிறப்புத் தள்ளுபடி’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது. உங்கள் அம்மாவோ அத்தையோ அதைக் காட்டி விசாரித்தால், பணம் அனுப்புமுன் இந்தப் பதிவை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இதே போல் பணத்தை இழந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால், பணம் அனுப்பிய ரசீதையும் அவர்களுடன் பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியே எழுதுங்கள். ஒரே விற்பனையாளருக்கு எதிராகப் பலர் சேர்ந்து மனு கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.