நிலாவாரையா, கடுக்காயா, விளக்கெண்ணெயா?

இரண்டு நாளாக வயிறு இளகவில்லை என்று நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றால், எங்கள் ராமநாதபுரம் பக்கம் நிலாவாரை, கடுக்காய், விளக்கெண்ணெய் மூன்றில் ஒன்றைத்தான் எடுத்து வைப்பார்கள். மூன்றும் ஒரே வேலைக்கு என்று நினைத்து எது கைக்கு வந்ததோ அதை வாங்கிப் போகிறார்கள். ஆனால் மூன்றின் போக்கும் வேறு வேறு.

நிலாவாரையிலிருந்து தொடங்கலாம், அது நம்ம ஊர்ச் செடி. பிறப்பு அரபு நாட்டுப் பக்கம்தான், ஆனாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் நன்றாக ஒட்டிக்கொண்டது. தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு மாடும் பெரிதாகக் கடிக்காது. உலகச் சந்தையில் இதற்குப் பெயர் என்னவோ திருநெல்வேலி சென்னா. யுனானியில் சனா மக்கி, நபிமொழியிலும் வருகிற இலை. ஆயுர்வேதத்தில் ஸ்வர்ணபத்ரி என்பார்கள், ஆனால் கடுக்காய், ஆமணக்கு அளவுக்கு அங்கே பழைய சரக்கு இல்லை, பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

இதன் சத்து சென்னோசைடு. அது வயிற்றிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்யாமல் நேராகப் பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கிற நுண்ணுயிரிகள் உடைத்த பிறகுதான் குடலைத் தள்ளுகிறது. அதனால்தான் ராத்திரி படுக்கும்போது சாப்பிட்டால் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, காலையில் வேலை முடிகிறது. 1 கிராம், மிஞ்சிப்போனால் 2 கிராம் பொடி வெந்நீரில் போதும். கூடினால் வயிற்றை முறுக்கும். பஞ்சசகார சூரணம் என்கிற ஐந்து சரக்குப் பொடியில் நிலாவாரை, கடுக்காய், இந்துப்போடு சுக்கும் சோம்பும் சேர்ப்பது சும்மா இல்லை, அந்த முறுக்கல் அடங்கத்தான். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போனால் பதற வேண்டாம், இலையின் சாயம் அது.

பிரச்சினை எங்கே என்றால், மூலிகைதானே என்று மாதக்கணக்கில் குடிப்பதில். எடை குறைக்கிற டீ என்று விற்கிற பாக்கெட்டுகள் பலவற்றில் இருப்பது இந்த இலைதான். போவது நீரும் மலமும், கொழுப்பு இல்லை. நாள்பட எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கும் நீர் பிரிய மாத்திரை போடுபவர்களுக்கும் அது ஆபத்தில் போய் முடியலாம். ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

விளக்கெண்ணெய் இன்னும் முரட்டுத்தனம். சிறுகுடலிலேயே வேலையைத் தொடங்கிவிடும், 2 முதல் 6 மணி நேரத்தில் ஓட வைக்கும், ராத்திரி குடித்தால் தூக்கம் போச்சு. வாதக் கோளாறுக்கு வைத்தியர்கள் இதையே ஏரண்ட தைலம் என்று கொடுப்பது அவர்கள் கணக்கு. வீட்டில் நாமாக எடுப்பதானால் எப்போதாவது ஒரு தடவை, விடுமுறை நாளில், அவ்வளவுதான். கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது.

கடுக்காய் மூன்றிலும் சாது. கடற்கரைச் சரக்கு இல்லை, மலையிலிருந்து வருகிறது. ஒரே நாளில் அதிசயம் நடக்காது, ஆனால் கொஞ்ச நாள் தொடர்ந்து எடுக்கத் தாங்கும். காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய் என்று பெரியவர்கள் சொன்னதில் மாலைக்கு வைத்தது இதைத்தான். கொட்டையை எடுத்துவிட்டு இடித்தது வேண்டும். இதையும் கர்ப்பிணிகள் தவிர்க்கத்தான் சொல்வார்கள்.

ஆக, வெளியூர்ப் பயணம், காய்ச்சல், படுக்கை என்று திடீரென்று கட்டிக்கொண்டால் இரண்டு மூன்று நாளுக்கு நிலாவாரை. எப்போதுமே மந்தமான வயிறு என்றால் கடுக்காய், அப்புறம் தண்ணீரும் கீரையும். கருவாடும் சோறும் மட்டுமே தின்றுவிட்டு எந்தப் பொடியைக் குறை சொல்லியும் பயனில்லை. வாந்தியோடு வயிற்று வலி, மலத்தில் ரத்தம் என்றால் மூன்றுமே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்மாய்க் கரையில் நிற்கிற ஆவாரையை இதுதான் நிலாவாரை என்று பறித்து வருபவர்களும் உண்டு. பூ இரண்டுக்கும் மஞ்சள், குடும்பமும் ஒன்று, ஆனால் ஆவாரை பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் சர்க்கரைக்குக் குடிநீர் வைக்கவும் ஆகும், பேதிக்கு அதை நம்பாதீர்கள். ஆவாரை இலை நுனி மழுங்கியிருக்கும், நிலாவாரை இலை ஈட்டி மாதிரி கூராக இருக்கும். கடையில் வாங்கும்போதும் பொடியை விட்டுவிட்டு இலையாகக் கேளுங்கள். நிழலில் காய்ந்தது இளம்பச்சையாக இருக்கும், ஈரம் பட்டது கறுத்துப்போயிருக்கும், அதை வாங்க வேண்டாம்.